ஏமாந்தவர்களைத் திட்டாதீர்கள்!

(புதுச்சேரி மூலக்குளத்தில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், 'மக்கள் சேமிப்பைப் பறிகொடுக்கப் பெரிதும் காரணம் பேராசையா, பிறர் வஞ்சகமா?' என்ற தலைப்பில், 'பிறர் வஞ்சகமே' என்ற அணியில் பேசியது.)



எதிரணித் தலைவர் பேசி முடித்து உட்கார்ந்தபோது ஒரு கைதட்டல் எழுந்ததே, கவனித்தீர்களா? நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏமாறாதவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நான்காவது வரிசையில் ஒரு அம்மா, அவர் பக்கத்தில் ஒரு பெரியவர், இரண்டு பேரும் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். யார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த இரண்டு பேருக்காகத்தான் நான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

'பேராசை பெருநஷ்டம்' என்று நம் தலைவர் மூன்று தடவை சொன்னார். எனக்கு ஒரு சந்தேகம், நடுவர் அவர்களே. இந்தப் பழமொழியை முதன்முதலில் சொன்னவன் யாராக இருக்கும்? என் கணக்குப்படி, சீட்டுக் கம்பெனி நடத்திவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப் போனவன்தான் சொல்லியிருப்பான்! (சிரிப்பு) பணத்தை எடுத்தது அவன். பழி விழுந்தது பறிகொடுத்தவன் தலையில். இதைவிட நல்ல வியாபாரம் உண்டா?

சரி, கணக்குக்கு வருவோம். 2022-ல் சென்னையில் ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற நிறுவனம் சிக்கியது. மாதத்துக்கு நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது என்று வட்டி சொன்னார்கள். பணம் போட்டவர்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல். வாங்கிய தொகை 2,438 கோடி ரூபாய் என்று பொருளாதாரக் குற்றப் பிரிவு சொல்லியது. நான் எதிரணியைக் கேட்கிறேன்: ஒரு லட்சம் பேருக்கும் ஒரே சமயத்தில் பேராசை வந்துவிட்டதா? பேராசை என்ன, மெட்ராஸ் ஐயா? ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்வதற்கு? (சிரிப்பு, கைதட்டல்)

"மாசம் இருபத்தஞ்சு வட்டிக்கு ஆசைப்பட்டவனைப் பேராசைக்காரன் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?" என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் வாத்தியார் சம்பளக்காரர். வங்கியில் வருஷத்துக்கு ஏழு சதவீதம் கொடுத்தால் அது வட்டி என்று நினைக்கிறார். இங்கே சந்தையில் கீரை விற்கிற அம்மாவைக் கேளுங்கள். தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார். தினம் நூறு ரூபாய், நூறு நாள். வருஷக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். தன் வாழ்நாள் முழுவதும் பத்து வட்டிக்கும் பதினைந்து வட்டிக்கும் பணம் கட்டியே பழகிய ஒரு பெண்ணிடம் போய், "உனக்கும் பத்து வட்டி தருகிறோம் அக்கா" என்றால் அவள் ஏன் நம்பமாட்டாள்? அப்படி ஒரு வட்டி உலகத்தில் இருக்கிறது என்பதற்கு அவளே சாட்சி! இதுவரை கொடுத்தவள், ஒரு தடவையாவது வாங்கிப் பார்க்கலாமே என்று நினைத்தாள். இதற்குப் பெயர் பேராசையா?

நான் தமிழ் படித்தவள். சிலப்பதிகாரத்தை விட்டுவிட்டு என்னால் ஐந்து நிமிஷம்கூடப் பேச முடியாது. கோவலன் மதுரைக்கு எதற்குப் போனான்? ஒற்றைச் சிலம்பை விற்று, அதை முதலாக வைத்துப் புதிதாக வாழ்க்கை தொடங்கப் போனான். இதில் பேராசை எங்கே இருக்கிறது? வழியில் ஒரு பொற்கொல்லனைப் பார்க்கிறான். இளங்கோவடிகள் அந்த ஆளை எப்படிக் காட்டுகிறார் தெரியுமா? உடம்பிலே சட்டை. கையிலே கோல். பின்னாலே நூறு கொல்லர்கள் வருகிறார்கள். அந்தக் காலத்தில் சட்டை என்பது இன்றைய கோட்டு, டை மாதிரி. அதைப் பார்த்ததும் கோவலன், 'இவன் பாண்டியன் அரண்மனைக் கொல்லன் போலிருக்கிறது' என்று தானாகவே முடிவு செய்துகொண்டான்.

நடுவர் அவர்களே, நன்றாகக் கவனியுங்கள். இன்றைக்கும் அதே மூன்றுதான்! நட்சத்திர ஓட்டலில் கூட்டம் போடுவான். மேடையில் கோட்டு போட்ட ஆள். கையில் கோலுக்குப் பதில் மைக். பின்னாலே வரிசையாக நூறு பேர். "நான் போன மாசம் கார் வாங்கினேன்", "நான் வீடு கட்டினேன்" என்று சொல்வதற்கு. இளங்கோவடிகள் காலத்திலிருந்து இந்த வியாபாரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான்: இப்போது மதியச் சாப்பாடு போடுகிறார்கள்! (சிரிப்பு)

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொல்லனிடம் கோவலன் மட்டுமா ஏமாந்தான்? பாண்டியன் நெடுஞ்செழியனே ஏமாந்தான். மந்திரிகள், காவலர்கள், நீதிமன்றம் எல்லாம் வைத்திருந்த ராஜா ஒரு நிமிஷத்தில் ஏமாந்தான். ஈமு கோழியில் ஏமாந்த விவசாயியை நாம் 'படிக்காதவன்' என்கிறோம்!

ஈமு ஞாபகம் இருக்கிறதா? பெருந்துறையில் சுசி ஈமு பார்ம்ஸ். ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சு கொடுப்பார்கள். கொட்டகை அவர்களே போடுவார்கள், தீவனம் அவர்களே தருவார்கள், வளர்க்கிறதற்கு மாதம் ஆறாயிரம் கூலியும் கொடுப்பார்கள். வருஷம் முடிந்தால் போனஸ். எண்ணெய், இறைச்சி, தோல், இறகு எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது என்றார்கள். சினிமா நடிகர்கள் விளம்பரத்தில் வந்தார்கள். 2012 ஆகஸ்ட்டில் எல்லாம் விழுந்தது. மனிதர்கள் பணத்தை இழந்தது ஒரு பக்கம். அந்தப் பறவைகள் பசியால் துடித்தன. அவற்றுக்குத் தீனி போட அரசாங்கமே பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

எனக்கு அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் தோன்றியது. இந்தக் கூட்டத்தில் ஈமுக் குழம்பு சாப்பிட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (சிரிப்பு) ஒருவரும் இல்லை! விற்கிற கடை எங்கே? வாங்குகிற வாய் எங்கே? குஞ்சு வாங்குகிறவர்தான் வாடிக்கையாளர், குஞ்சு வாங்குகிறவர்தான் முதலாளி. புதிதாகக் குஞ்சு வாங்குகிறவர் கொடுத்த ஒன்றரை லட்சத்திலிருந்துதான் பழைய ஆளுக்கு ஆறாயிரம் போனது. கோழி ஒரு சாக்கு. 1990-களில் அனுபவ் பிளான்டேஷன்ஸ் தேக்கு மரத்தைக் காட்டியது. 1998-ல் அது முறிந்தது. திருப்பூர் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி வியாபாரம் என்றது. 930 கோடி. 2009-ல் வெடித்த விவகாரத்துக்கு, இரண்டு பேருக்கு இருபத்தேழு வருஷச் சிறை என்று தீர்ப்பு வந்தது 2022-ல். பதின்மூன்று வருஷம்! மரம், பறவை, டாலர், தங்கம், இப்போது கிரிப்டோ. பாத்திரம்தான் மாறுகிறது. உள்ளே இருக்கிற குழம்பு 1920-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் போன்சி என்ற ஆள் வைத்த அதே குழம்பு.

அந்தப் போன்சி என்ன சொன்னான்? வெளிநாட்டுத் தபால் கூப்பனை மலிவாக வாங்கி விலை கூட்டி விற்கிறேன், நாற்பத்தைந்தே நாளில் ஐம்பது சதவீத லாபம் என்றான். ஒரு பத்திரிகையாளர் கணக்குப் போட்டார். இவன் வாங்கியிருக்கிற பணத்துக்குப் பதினாறு கோடி கூப்பன் வேண்டும். உலகத்தில் புழக்கத்தில் இருந்ததோ இருபத்தேழாயிரம்! அவ்வளவுதான், கதை முடிந்தது. நமக்கும் அதே ஒரு கணக்குப் போதும். மாதம் இருபத்தைந்து சதவீதம் சம்பாதிக்கிற வித்தை ஒருவனுக்கு நிஜமாகவே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்ச ரூபாயை அவன் லாபத்தோடு சேர்த்துச் சேர்த்துச் சுழற்றினால் ஒரு வருஷத்தில் பதினாலரை லட்சம். இரண்டு வருஷத்தில் இரண்டு கோடிக்கு மேல். மூன்றாவது வருஷக் கடைசியில் முப்பது கோடி! இப்படி ஒரு வித்தை கையில் இருக்கிறவன், வேகாத வெயிலில் பைக்கை உதைத்துக்கொண்டு உங்கள் நகையை அடகு வைக்கச் சொல்ல மூலக்குளம் வரைக்கும் ஏன் வருகிறான்? (கைதட்டல்)

"ஆனால் எனக்கு நாலு மாசம் வட்டி ஒழுங்காக வந்ததே மேடம்" என்பார்கள். வரும். அங்கேதான் சூட்சுமமே இருக்கிறது. நீங்கள் கொடுத்த ஒரு லட்சத்தை இருபத்தைந்து இருபத்தைந்தாயிரமாக உங்களுக்கே திருப்பிக் கொடுத்தால் நாலு மாசம் தாராளமாக வரும். நம் வீட்டுக் குதிரிலிருந்து நெல்லை எடுத்துக் குத்தி நமக்கே விருந்து வைக்கிறான். நாமும் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, 'எவ்வளவு தாராள மனசு!' என்று ஊரெல்லாம் சொல்கிறோம். அதைக் கேட்டு மச்சான் வருகிறார், சம்பந்தி வருகிறார். வில்லியனூர்த் தேர் பார்த்திருக்கிறீர்களே, வடம் பிடிக்கக் கை இருக்கிறவரைக்கும்தான் நகரும். ஆனால் தேர் நின்றால் நிலைக்கு வந்துவிட்டது என்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இது நின்றால் போவதற்கு வீடே இருக்காது.

அப்படி வீட்டை இழந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பாகூர்ப் பக்கம். ஊர்ப் பெயரும் சொல்ல மாட்டேன், ஆள் பெயரும் சொல்ல மாட்டேன். தீபாவளிச் சீட்டு. வாரம் நூறு ரூபாய், ஐம்பது வாரம். முடிவில் வெள்ளிக் காசு, பாத்திரம், பட்டாசு, ஸ்வீட் பெட்டி எல்லாம் சேர்த்துத் தருவதாகக் கம்பெனி நோட்டீஸ் அடித்தது. இந்தப் பெண் தெருவில் அறுபது வீட்டில் வசூல் செய்து கம்பெனியில் கட்டினாள். அவளுக்கு லாபம் ஒரு குத்துவிளக்கும் கொஞ்சம் கமிஷனும். முதல் வருஷம் சொன்னபடி எல்லாம் வந்தது. இரண்டாம் வருஷம் புரட்டாசியில் கம்பெனிக் கதவில் பூட்டு.

அறுபது வீட்டுக்காரர்களும் எங்கே போவார்கள்? கம்பெனி முதலாளியின் முகத்தையே அவர்கள் பார்த்தது கிடையாது. இவள் வாசலில் வந்து நின்றார்கள். "உன்னை நம்பித்தானடி கொடுத்தோம்" என்றார்கள். அது பொய்யில்லையே! அவளை நம்பித்தான் கொடுத்தார்கள். அவள் புருஷன் ஆலைத் தொழிலாளி; ஆலை மூடிய பிறகு வந்த பணத்தில் கட்டிய இரண்டு அறை வீட்டை விற்று, முக்கால்வாசிப் பேருக்குப் பைசல் செய்தாள். மீதிப் பேர் இன்றைக்கும் அவள் வீட்டு விசேஷத்துக்கு வருவதில்லை. நான் கேட்டேன், "ஏம்மா போலீஸில் புகார் கொடுக்கவில்லை?" என்று. அவள் சொன்னாள்: "கொடுத்தா, பேராசைப்பட்டுக் கெட்டான்னு ஊரு சிரிக்கும் மேடம். எங்க வூட்டுக்காரரே அப்படித்தான் சொன்னாரு."

நடுவர் அவர்களே, இதுதான் என் கட்சி. எதிரணித் தலைவர் அழகாகச் சொன்னாரே, 'பேராசை' என்று, அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து எத்தனை பேர் புகார் கொடுக்கவில்லை தெரியுமா? புகார் வரவில்லை என்றால் அந்தக் கம்பெனிக்கு இன்னும் ஆறு மாசம் ஆயுள். அந்த ஆறு மாசத்தில் இன்னும் ஆயிரம் குடும்பம். நாம் ஏமாந்தவளைப் பார்த்துச் சிரிக்கிற ஒவ்வொரு சிரிப்பும் ஏமாற்றுகிறவனுக்குக் கொடுக்கிற வாய்தா!

வள்ளுவர் ஆசையைப் பற்றியும் எழுதினார், சூதைப் பற்றியும் எழுதினார், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் 'தெரிந்து தெளிதல்' என்று பத்துக் குறள் தனியாக வைத்தாரே, அதையும் எதிரணி படித்திருக்கலாம். ஆராயாமல் நம்புவதும் துன்பம், நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் துன்பம் என்பதுதான் அங்கே கருத்து. எப்படி ஆராய்வது? அதைச் சொல்லாமல் திட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

சுவரில் ஒரு சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பான். "கவர்மென்ட் ரிஜிஸ்டர்ட் கம்பெனி சார்" என்பான். கம்பெனியைப் பதிவு செய்வது வேறு, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெறுவது வேறு. ரேஷன் கார்டு இருக்கிறது என்பதற்காக ஒருவர் ஆபரேஷன் செய்ய முடியுமா? (சிரிப்பு) வங்கி அல்லாத நிதி நிறுவனம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். அப்படி அனுமதி வாங்கிய நிறுவனம்கூட வருஷத்துக்குப் பன்னிரண்டரை சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. வருஷத்துக்கு! அதைத் தாண்டி ஒருவன் மாசத்துக்கு இவ்வளவு என்று வாய் திறந்தாலே, மேற்கொண்டு பேச அவனுக்குக் காபிகூடப் போட வேண்டாம். சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியே 'சசேத்' என்று ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. கல்லூரியில் படிக்கிற பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏலச்சீட்டு என்றால் 1982-ஆம் வருஷச் சட்டப்படி பதிவான சீட்டா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறானா? மிகவும் நல்லது. பணம் மிச்சம்.

சட்டம் நமக்கு இல்லாமல் இல்லை. நம் புதுச்சேரியிலேயே டெபாசிட் போட்டவர்களைக் காப்பதற்கு 2004-ல் ஒரு சட்டம் வந்தது. வில்லியனூர் தாண்டி விழுப்புரம் சாலையில் போனால் அரியூர் சர்க்கரை ஆலை. உங்களில் பல பேர் கரும்பு வண்டியோடு அங்கே காத்துக் கிடந்திருப்பீர்கள். டெபாசிட் வாங்கித் திருப்பித் தராத விவகாரத்தில் அந்தச் சட்டத்தை வைத்து அந்த ஆலையின் சொத்தின்மீது அரசு கை வைத்தபோது, சட்டமே செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். நியூ ஹொரைசன் சர்க்கரை ஆலை வழக்கு. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2012-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் பாருங்கள், சட்டம் செல்லும் என்று சொல்லவே எட்டு வருஷம். மகள் கல்யாணத்துக்குப் போட்ட டெபாசிட், பேத்தி காதுகுத்துக்குக்கூட வராது! பிறகு 2019-ல் நாடு முழுவதுக்கும், அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதே குற்றம் என்று சட்டம் வந்தது. கம்பெனி ஓடும்வரைக்கும் காத்திருக்க வேண்டாம்; அனுமதியில்லாத கடையைத் திறந்தாலே புகார் கொடுக்கலாம். விளம்பரம் செய்தாலும் குற்றம்.

எனக்கு மணி அடிக்கப் போகிறார் நடுவர். கை மணிக்குப் போய்விட்டது. (சிரிப்பு) ஒரே ஒரு நிமிஷம் ஐயா, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இப்போது நடக்கிறது.

இப்போது கம்பெனிக்குக் கதவே கிடையாது, பூட்டுவதற்கு. போனுக்குள்ளேயே வருகிறான். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் உங்களைச் சேர்ப்பான். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். "இன்று எனக்கு நாற்பதாயிரம் லாபம், குருவே நன்றி!" என்று ஒருவர் பின் ஒருவராகப் போடுவார்கள். பொற்கொல்லன் பின்னால் வந்த நூறு பேர், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குழுவில் நிஜ மனிதர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், கணக்கு வாத்தியார், ஐயாயிரம் போட்டார். ஆறாயிரமாகத் திரும்ப வந்தது. எடுத்தும் பார்த்துவிட்டார். அந்த ஆயிரம் ரூபாய்தான் தூண்டில் புழு. அப்புறம் பணிக்கொடையிலிருந்து எட்டு லட்சம் போட்டார். செயலியில் இருபத்து மூன்று லட்சம் என்று பச்சை எழுத்தில் காட்டியது. எடுக்கப் போனால், "வரி இரண்டு லட்சம் கட்டினால்தான் எடுக்க முடியும்" என்றான். நம் பணத்தை நமக்குத் தருவதற்கு முன்னால் வரியைத் தன்னிடமே கொண்டுவந்து கட்டச் சொல்கிற உண்மையான நிறுவனம் எங்கேயாவது உண்டா? அவருக்கும் தெரியும், கணக்கு வாத்தியார் ஆயிற்றே! ஆனாலும் எட்டு லட்சம் உள்ளே மாட்டியிருக்கும்போது மனசு கணக்குப் போடாது.

அவர் மனைவி என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு வார்த்தை திட்டவில்லை. "முதல்ல போனைப் போடுங்க" என்றார்கள். 1930. சைபர் குற்றத்துக்கான எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு, பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுவதற்குள் வங்கியில் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. கடைசித் தவணை ஒன்று மட்டும் அப்படி நின்றது. மீதி போனது போனதுதான். ஆனால் அந்த இரண்டு லட்சத்தை அவர் கட்டவில்லை. அந்த அம்மா, "இந்த வயசில பேராசை எதுக்கு?" என்று ஆரம்பித்திருந்தால், அவர் ரோஷத்தில் அதையும் கட்டியிருப்பார், நடுவர் அவர்களே. அவரே என்னிடம் சொன்னார்.

நாலாவது வரிசையில் இருக்கிற அம்மாவுக்கும் அந்தப் பெரியவருக்கும் ஒன்று சொல்கிறேன். புகார் கொடுக்கவில்லை என்றால் நாளைக்கே போய்க் கொடுங்கள். ரசீது, நோட்டீஸ், பாஸ் புத்தகம், போனில் வந்த செய்தி எதையும் அழிக்காதீர்கள், கிழிக்காதீர்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், உங்களோடு சேர்ந்து கட்டிய நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மணி அடித்துவிட்டது. 'வஞ்சகமே' என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.